நீ மேலே ஏறாத வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் ஆசிகள். இங்கே நானும் அம்மாவும் நலம். எப்போதும் கை தானாக எழுதிவிடும் இந்த வரியை இந்தத் தடவை எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு எழுதுகிறேன், ஆகவே நம்பலாம். அங்கே நீயும் உன் முதுகும் எப்படி இருக்கிறீர்கள்? ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டாய் என்றும் முதுகு சரியாகும்வரை கிரேனில் ஏறாமல் கீழே நின்று வேலை பார்க்கிறாய் என்றும் நீ அனுப்பிய செய்தி வந்தது. படித்து முடித்ததும் அம்மா இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்று போனில் நான் பேசிய லட்சணம் எனக்கே தெரியும். "அந்த மாத்திரையப் போட்டுட்டு மேல ஏறாதே" என்று கத்தினேன், ஏன் என்று நீ கேட்டதும் போனை வைத்துவிட்டேன். எனக்கு எழுதினால்தான் ஒழுங்காக வரும். முதலிலிருந்து சொல்கிறேன், நீளமாகப் போனால் பாதியைச் சாப்பாட்டு இடைவேளையில் படி.

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவளைக் குளிக்க வைத்து எழுப்பிவிடுவது என் வேலை என்று உனக்குத் தெரியும். அப்படி ஒருநாள் எழுப்பும்போது எனக்கு இடுப்பில் சுளீரென்று பிடித்துக்கொண்டது, நிமிரவும் முடியவில்லை குனியவும் முடியவில்லை, கேள்விக்குறி மாதிரி நின்றேன். டாக்டரம்மா பார்த்துவிட்டுத் தசைப்பிடிப்புதான் என்று சொல்லி, தசையைத் தளர்த்துகிற மருந்தும் வலி மருந்தும் ஒன்றாய்ச் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு, ஐந்தே நாள், தூக்கம் வரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லும் எண்ணம் சத்தியமாக இல்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள், டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதோடு, தும்மலுக்குப் போடும் மாத்திரையும் தலைவலிக்குப் போடும் பாராசிட்டமாலும் என் கணக்கில் மருந்தே கிடையாது. டாக்டர் எழுதித் தந்தால் மருந்து, மற்றதெல்லாம் உப்பு மிளகாய் மாதிரி வீட்டுச் சாமான் என்று நினைத்திருந்தேன். பணியில் இருந்த காலமெல்லாம் கடைகடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தவனுடைய கணக்கு இது, சிரித்துக்கொள்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. மூன்றாம் நாள் வலி போன இடம் தெரியவில்லை. சாயங்காலம் அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டும், இடையில் திரும்பப் பிடித்துக்கொண்டால் அவளையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடுவேனே என்ற பயத்தில் மதியமும் கூடுதலாக ஒன்றைப் போட்டேன். அன்றைக்கென்று தும்மல், அதற்கு ஒன்று. தும்மித் தும்மித் தலைவலி, அதற்கும் ஒன்று. அம்மாவைக் குளியலறை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் துண்டு எடுக்க வந்தவன் கட்டிலில் சற்றே சாய்ந்தேன். "என்னங்க, துண்டக் குடுங்க, குளிருது" என்று அவள் கூப்பிடுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது. எழுந்தேன், தரை தோணி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது, குளியலறை வாசலிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி அம்மா ஈரக்காலோடு தானாக எழுந்துவிட்டாள். கால் வழுக்கியது. நீ போன தடவை வந்தபோது, எதற்குடா நல்ல சுவரில் ஓட்டை போடுகிறாய் என்று நான் முனகமுனகச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்திவிட்டுப் போனாயே, அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். உன் கை அங்கே வந்து அவளைப் பிடித்துக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கு உனக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பிறகு அவள் ஜன்னல் வழியே குரல் கொடுத்துப் பக்கத்து வீட்டுச் சித்தியைக் கூப்பிட்டாள். கண்டக்டர் வேலையிலிருந்து உன் சித்தி ஓய்வு பெற்றாலும் அவள் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. அக்காவைத் துடைத்துக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்று, "மாமா, குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். "அவரு சோடா குடிக்கவே பயப்படுற ஆளு, போடி" என்றாள் அம்மா. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப என்னத்த முழுங்குனீங்க? எல்லா டிக்கெட்டையும் எடுங்க, செக்கிங்" என்று என் மேசை இழுப்பறையை அப்படியே ஒரு பையில் கவிழ்த்துக்கொண்டு ஆட்டோவில் என்னை ஏற்றினாள். டாக்டரிடம் போய் ஒன்றுமில்லை, லேசான மயக்கம் என்று ஆரம்பித்தேன். "நீங்க சும்மா இருங்க மாமா. டாக்டர், இவரு யாரு என்ன கேட்டாலும் எதிராளிக்குச் சிரமம் இல்லாத பதிலத்தான் சொல்லுவாரு. எங்கக்கா கல்யாணத்தன்னிக்கே பட்டினியா இருந்துக்கிட்டு சாப்பிட்டாச்சுன்னாரு" என்று சொல்லிப் பையை மேசைமேல் கொட்டினாள். இத்தனை வருடமாக அவள் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போனவன் நான், அன்று அந்த வாய்தான் என்னைக் காப்பாற்றியது.

டாக்டரம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் படித்துவிட்டு, "ஐயா, கடையில நீங்களா வாங்கிப் போடுறதையும் சேர்த்துத்தான் நான் கேட்டேன், இனிமே நானே பிரிச்சுக் கேக்குறேன்" என்றார். அவர் எழுதித் தந்த மாத்திரைக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறதாம். அதற்கு மேல் தனியாகவும் போட்டால் அளவு மீறிப்போய் ஈரலைக் கெடுக்குமாம், கெடுவது முதலில் வெளியே தெரியவே தெரியாதாம். தசையைத் தளர்த்துகிற மருந்து ஆளையும் தளர்த்தும், தும்மல் மாத்திரையும் தூங்க வைக்கும், இரண்டும் கூட்டுச் சேர்ந்ததில்தான் நான் வாசலில் உட்கார்ந்தேன். அதே மாத்திரைக்குள் இருக்கிற இன்னொரு வலி மருந்து வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்துக்கும் ஆகாது, அதனால்தான் சாப்பிட்ட பிறகு, அதனால்தான் சில நாள் மட்டும், வலி போகவில்லையே என்று நாமாக ஒன்றைக் கூட்டக் கூடாது. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈரல் நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே. கடைசியாக, "இதப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாது, உயரத்துல ஏறக் கூடாது, எந்த மெஷினையும் தொடக் கூடாது, குடிக்கவே கூடாது" என்றார். எந்த மெஷினையும் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உன் பை ஞாபகம் வந்துவிட்டது. வந்திருந்தபோது இதே பெயர் போட்ட அட்டையை எடுத்து மிட்டாய் மாதிரி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாய். யார் எழுதிக் கொடுத்தது என்றதற்குக் கூட வேலை பார்ப்பவர் தந்தார் என்றாய். முதுகு பிடித்தால் இரண்டாகப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவேன் என்று பெருமையாகவும் சொன்னாய். அத்தனை உயரத்தில் நீ, உனக்குக் கீழே இரும்பு தொங்குகிறது, அதற்கும் கீழே ஆட்கள் நடக்கிறார்கள். டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்து நடையில் நின்றபடியே உனக்குப் போன் செய்தேன். அதுதான் நீ கேட்ட அந்தக் கத்தல்.

உனக்குக் கோபம் வந்தது நியாயம்தான். "ஒரு வாரம் கீழ நின்னா என் சீட்டுல வேற ஒருத்தன் உக்காந்துடுவான்மா" என்று பிறகு அம்மாவிடம் சொன்னாயாம். அதனால்தான் நீ போய்ச் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. இனி நீயும் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். போட்டுக்கொள்கிற எல்லாவற்றையும், இருமலுக்கு நீயாக வாங்கிக் குடிக்கிற மருந்து உட்பட, பையில் கொண்டுபோ. வாரக் கடைசியில் நண்பர்களோடு நீ எங்கே போகிறாய் என்பதையும் அவரிடம் சொல், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்காதே. கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, மலம் கறுத்தாலோ, மேலெல்லாம் தடித்து மூச்சு முட்டினாலோ ஷிஃப்டு முடியட்டும் என்று இருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

எனக்கு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு, தெருமுனை வரை நடந்து வருகிறேன், இடுப்பு மெல்ல வழிக்கு வருகிறது. அம்மாவைக் குளிப்பாட்டச் சித்தி வருகிறாள், "பாத்து இறங்கு, படி, படி" என்று அவள் அதட்டுவது தெருவுக்கே கேட்கிறது, அம்மாவும் சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறாள். சித்திக்கு நன்றி சொல்ல நாலு வரி மனதுக்குள் தயார் செய்துகொண்டு போய் நின்றேன். "நன்றியெல்லாம் வேணாம் மாமா, சில்லறையா இருந்தா குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உன் செய்தியின் கடைசியில், மரத்தை விட்டு இறங்கின குரங்கு என்று கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள் என்று எழுதி, "நான் செஞ்சது சரிதானாப்பா?" என்று கேட்டிருந்தாய். என்ன படிக்கட்டும் என்று நீ கேட்டபோதும், இந்த வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோதும் யோசித்துச் சொல்கிறேன் என்றேன், நீயே ஒரு முடிவுக்கு வரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். இதற்கு யோசிக்கவில்லை. சரிதான். உன் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்தே போனாலும் சரிதான்.

நோய் நொடி இல்லாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். மிச்சமுள்ள மாத்திரையைப் பாவம் பார்த்துக்கூட யாருக்கும் கொடுத்துவிடாதே, மருந்துக் கடையில் ஒப்படைத்துவிடு. டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மாவுக்குப் போன் செய்து சொல்.

உன்னை நினைத்து நிம்மதியாக இருக்கும்,
அப்பா