பத்தில் ஒன்றும் அரைக் கலயம் பதரும்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமையும், பத்தில் ஒரு பங்கு காணிக்கை போடுகிற தசமபாக உறையை உன் பெயர் எழுதிக் கோயிலில் என் கையில் கொடுத்துவிட்டார்கள். நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது, பட்டியலில் பெயரை அடிக்க மறந்திருக்கிறார்கள். நானும் அப்படியே வாங்கி வந்தேன். அழுகை வரவில்லை. அடுப்பை மூட்டி உலை வைத்தேன், சாப்பிட்டேன், படுத்தேன்.

தாலியறுத்துக்கொண்டு நீ என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நமக்குள் இருந்தது இந்த ஒரு வழக்குதான். கூலி நெல் வந்ததும் முதல் வேலையாகப் பத்தில் ஒன்றை அளந்து தனிக் கலயத்தில் கொட்டுவாய்.

"மனசு இருந்தா குடு, இல்லாட்டி விடு. இது என்னடி சட்டமா?" என்பேன்.

"சட்டந்தான்க்கா. இது நம்மளுது இல்ல. அவருது."

"மிராசுதாரும் அப்படித்தான் சொல்றாரு, எல்லாம் அவருதுன்னு."

நீ சிரித்துவிடுவாய். "ஒன் வாய்க்கு மொதல்ல ஒரு பூட்டு வாங்கணும்க்கா" என்பாய். ஆனால் கலயத்தில் ஒரு மணி குறையாது.

அந்தத் தை மாதம் நினைவிருக்கிறதா? ஆட்சி மாறிய புதிது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி போடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நம் கையில் ரூபாயைத்தான் காணோம். கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டுச் சங்கத்தார் அறுவடையை நிறுத்தினார்கள். மிராசுதார் வெளியூர் ஆளை இறக்கினார். கதிர் சாய்ந்து கிடந்தது, நாம் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பானையில் ஒன்றும் இல்லை. முந்தின குறுவை அறுப்பு நெல்லில் நீ எடுத்து வைத்த அந்தக் கலயம் மட்டும் மூலையில் நிறைந்து இருந்தது, கோயில் அறுப்புப் பண்டிகைக் காணிக்கைக்காக.

அப்போதுதான் உனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. நாலு நாள் வெறும் வெந்நீரைக் குடித்துக் கிடந்தாய். ஐந்தாம் நாள் நான் கலயத்தில் கை வைத்தேன். உரல் சத்தம் உனக்குக் கேட்கக் கூடாது என்று எதிர்வீட்டு ஞானம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்க் குத்தினேன். கஞ்சியை உன் வாயில் ஊற்றும்போது, "ஏதுக்கா அரிசி?" என்றாய். ஞானம்மா கொடுத்தாள் என்றேன். படுத்தபடியே அவளுக்காக ஜெபம் பண்ணினாய்.

நீ எழுந்து உட்காரும்போது கலயத்தில் பாதிதான் மிச்சம். அடியில் பதரைக் கொட்டி, இருந்த நெல்லை மேலே பரப்பி வைத்தேன். வேலை தொடங்கிக் கூலி வந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன், பாப்பா. பண்டிகை முந்திக்கொண்டது.

நீயே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாய். நான் பின்னால் வந்தேன். ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். உன் கலயத்தை எடுத்த மளிகைக்காரர் அதைச் சாக்கில் கவிழ்த்தார். காற்றில் பதர் பறந்தது. ஒருத்தன் கத்தினான்: "கர்த்தருக்கே பதரா? இதுக்குக் கூலியில பதர் கலக்குற நம்ம மிராசுதாரே தேவலாம்டா!" கோயில் வாசலே சிரித்தது.

"நான்தான் போட்டேன். காய்ச்சல்ல புத்தி கெட்டுப்போச்சு" என்று நீ சொன்னாய்.

நான் தூணோரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். நான்தான் என்று சொல்ல ஒரு சொல் போதும். வரவில்லை.

வீட்டுக்கு வந்து நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த அறுப்பில், குறைந்த நெல்லையும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாய். பத்தில் ஒன்றை எடுத்துவிட்டால் அப்படித்தான் ஈடுகட்ட வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறதாம். அந்த ஈட்டு நெல் சேரும்வரை நீ ராத்திரியில் சாப்பிடவில்லை. பசியில்லை என்றாய். நம்பியதுபோல இருந்துகொண்டேன். அதற்கப்புறம் எத்தனையோ அறுப்பு வந்து போனது. "பதர் போட்டவ" என்ற பெயர் மட்டும் உன்னை விட்டுப் போகவில்லை.

உறையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில், அப்போதிருந்தே இங்கிருக்கும் போதகரிடம் நேற்று கேட்டேன். "ஐயா, இது சட்டமா, இல்ல அவங்கவங்க மனசா?"

"பழைய ஏற்பாட்டுல சட்டம்மா. இப்ப மனசாரக் குடுக்கறதுதான். ஒங்க தங்கச்சிக்கும் அப்பவே சொன்னேனே, ஈடுகட்ட வேண்டியதில்லன்னு."

"அவ என்ன சொன்னா?"

"'தெரியும் ஐயா, அதனாலதான் குடுக்கறேன்'னாங்க."

உறை அவர் மேசைமேல் இருந்தது. நான் அதை மறுபடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

இப்போது நானும் பத்தில் ஒன்று எடுத்து வைக்கிறேன். சட்டத்துக்குப் பயந்தா, மனசு வந்தா, சொல்லத் தெரியாது. கை அதுவாகவே போய்விடுகிறது. நீ சுமந்த பெயர் என்னுடையது என்று இன்னும் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதியதோடு சரி.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். எட்டு வயதிலிருந்து நெல் தூற்றிய கை உன் கை. பாதி பதர் இருந்த கலயத்தை இடுப்பில் ஏற்றியபோதே கனம் குறைந்திருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். வீட்டு வாசலிலேயே ஏன் இறக்கி வைக்கவில்லை, பாப்பா?