தேர்தல் கூட்டத்தில் உன் பெயர்

அன்பு மகன் ட்ரென்ட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. அலாஸ்காவில் இதற்குள் பனி விழ ஆரம்பித்திருக்கும், நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ, அம்மா விமானம் ரிப்பேருக்கு நிக்குது என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். இங்கே மக்காச்சோள அறுவடை மும்முரம். பகலெல்லாம் நம் சாப்பாட்டுக் கடையில் ஈ ஓட்டுகிறேன், சாயங்காலமானால் எல்லாரும் தூசியும் தும்புமாக ஒரேயடியாக வந்து விழுகிறார்கள். தேர்தல் வேறு நெருங்கிவிட்டது. கடை நடத்துகிறவளுக்குக் கட்சி ஏது, இரண்டு வேட்பாளருடைய பலகையையும் ஜன்னலில் வைத்திருக்கிறேன், காப்பி எல்லாருக்கும் ஒரே சூடுதான்.

இந்த மாத ஆரம்பத்தில் ஜனெட் ஹோல்ம் நம் கடையில் கூட்டம் போட வந்தார், நம் தொகுதியிலிருந்து வாஷிங்டனுக்குப் போகத் தேர்தலில் நிற்கிறாரே, அந்த அம்மாள்தான். நம் ஊர் வழக்கப்படி, பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை தூவிய பட்டை ரொட்டியும் வைத்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே இனிப்பு ரொட்டியைக் கிழித்துச் சில்லியில் தோய்த்துச் சாப்பிட்டார், உடனே தினமும் காப்பிக்கு வருகிற வெர்ன், ஓட்டுப் போடுறதா வேண்டாமான்னு அப்புறம் பாப்போம், ஆனா சாப்பிடத் தெரிஞ்ச பொம்பளைதான் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். பேச்சும் மோசமில்லை. வரியைக் குறைச்சுப் பெரிய கம்பெனியைக் கெஞ்சிக் கூட்டிட்டு வர்றாங்க, அது கொஞ்ச வருஷத்துல மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிடுது, ஊர்ல நின்னு வேலை குடுக்கிறது இந்த மாதிரிச் சின்னக் கடைதான் என்றார். முதலாளிக்கு வயசாகிக் கடையை மூடுகிற நேரத்தில், உள்ளே உழைக்கிறவர்களே அதை வாங்கிக்கொள்ள அரசாங்கம் கடனுக்குக் கை கொடுக்க வேண்டும், அதற்குத்தான் சட்டம் கொண்டுவரப் போகிறேன் என்றார். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அப்போது மைக்கை என் முகத்துக்கு நேரே நீட்டி, மார்ஜீன், உங்களுக்கு அப்புறம் இந்தக் கடையை யாருங்க நடத்துவாங்க என்று கேட்டுவிட்டார். நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை ட்ரென்ட். என் பையன் வர்றான், பனி உருகினதும் வந்துருவான் என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை கண்ணா. தினமும் காலையில் விளக்கைப் போடும்போது மனதுக்குள் சொல்லிக்கொள்வதுதான், அன்றைக்குப் பார்த்து மைக் எதிரே இருந்துவிட்டது.

அத்தோடு போயிருந்தால் சரி. அந்த அம்மாள் போகிற ஊரிலெல்லாம் உன் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். இந்த மண்ணின் பிள்ளை ஒருவன் அம்மாவின் கடையை நடத்த அலாஸ்காவிலிருந்து திரும்பி வருகிறான் என்று ரேடியோவிலும் வந்துவிட்டது. உன் அப்பா லாரியில் கேட்டுவிட்டு வந்து, நம்ம பையன் வர்றது எனக்கே இப்பத்தான் தெரியுது, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். கிண்டல்தான், ஆனால் சொல்லிவிட்டு உன் அறை ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்க்கப் போனார். சர்ச்சில் பாஸ்டர் உன் பெயரைச் சொல்லிக் கடவுளுக்கு நன்றி சொன்னார், நான் தலையைக் குனிந்துகொண்டு ஆமென் என்றேன். இதெல்லாம்கூடப் போகட்டும். கெண்ட்ராதான் என்னைத் தூங்கவிடாமல் செய்துவிட்டாள். நீ போன பிறகு வேலைக்கு வந்தவள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு விடிவதற்கு முன்னே வந்து மாவு பிசைகிறவள், பட்டை ரொட்டிக்குப் பெயர் என்னுடையது, கை அவளுடையது. ஒரு நாள் இந்தக் கடையை எனக்கே கொடுப்பீர்களா என்று முன்பே கேட்டிருந்தாள், பார்க்கலாம் பார்க்கலாம் என்று நானும் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தன்று அவள் காப்பிக் கூஜாவோடு என் பின்னால்தான் நின்றிருக்கிறாள். மறுநாள் ஏப்ரனை மடித்தபடி, உங்க பையன் வர்றது நல்லதுதான் மார்ஜீன், நான் இறைச்சி ஆலையில வேலை கேட்டு வச்சிருக்கேன், இந்த மாசக் கடைசி வரைக்கும் வர்றேன் என்றாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. வராத பிள்ளைக்கு இடம் பிடித்துவைத்து, இருக்கிற பிள்ளையை வெளியே தள்ளிவிட்டேனே என்று இருந்தது.

ஜனெட் நேற்று, தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கே போடுகிற பான்கேக் அப்ப விருந்துக்கு மறுபடி வந்தார். உன் கதையை ஆரம்பித்ததும் நான் கையைத் தூக்கினேன். என் பையன் வரல, வர்றதா அவன் எப்பவும் சொன்னதில்ல, நான்தான் ஆசையில சொல்லிட்டேன் என்றேன். ஊரே சிரிக்கப்போகிறது என்று நினைத்தேன். வெர்ன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, அது எங்களுக்குத் தெரியும் மார்ஜீன், என் பொண்ணு டல்லாஸ்லேருந்து வர்றா வர்றான்னு நானும் வருஷா வருஷம் சொல்றேன், நீ ஒரு தடவையாவது இல்லன்னு சொல்லியிருக்கியா என்றார். யாரும் சிரிக்கவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் எங்கேயோ ஒரு பிள்ளை இருக்கிறது. ஜனெட்டுக்கு முகம் சிவந்துவிட்டது, அப்போ இனிமே நான் என்னங்க சொல்றது என்று என்னையே கேட்டார். பின்னாடி அப்பத்துக்குச் சிரப் ஊத்திக்கிட்டு நிக்கிறாளே கெண்ட்ரா, கடை அவளுக்குத்தான், அவளைக் கேளுங்க என்றேன். கெண்ட்ரா சிரப் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு மைக்கை வாங்கி, உங்க சட்டம் வர்றப்ப வரட்டும் மேடம், மொதல்ல கடை அடுப்பை மாத்தணும், எடது பக்கம் கருகுது என்றாள். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள்.

ஜனெட் ஜெயிப்பாரோ தோற்பாரோ, ஜெயித்தாலும் சொன்னதைச் செய்வாரோ, எனக்குத் தெரியாது. அதற்காக நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. பாங்கில் கடனுக்குப் பேசப் போகிறோம், புது வருடத்திலிருந்து கெண்ட்ரா முதலாளி, நான் அவளிடம் மாவு பிசையப் போகிறேன். உனக்கு வருத்தம் இருக்காது என்று தெரியும், ஒருவேளை நிம்மதியாகக்கூட இருக்கும். எனக்குத்தான் கை வெறுமையாகிவிட்டது. இத்தனை வருடமும் போனை வைக்கும்போதெல்லாம் கடை உனக்காகக் காத்திருக்கு என்பேனே, கடை எங்கே காத்திருந்தது, காத்திருந்தது நான். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக் கடையை முன்னால் நிறுத்திக்கொண்டேன். இப்போது சொல்ல அந்தச் சாக்கும் இல்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது ட்ரென்ட். வேறு ஒரு காரணமும் இல்லை.

கடவுள் உன் கையையும் நீ தொடுகிற இயந்திரங்களையும் காப்பாராக. அங்கே தபால் ஓட்டு வந்திருந்தால் மறக்காமல் போட்டுவிடு, யாருக்கு என்று நான் கேட்க மாட்டேன். நவம்பரில் நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு விடுமுறை கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பார். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கிறபோது வா. வந்தால் நேரே வீட்டுக்கு வா.

இந்தத் தடவை ஒருவரிடமும் சொல்லாமல் உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா
மார்ஜீன்