கழியைத் தொட்டவர்கள்

என் பாப்பாவுக்கு ஜுரம். தைலம் தேடிப் பெட்டியைக் கிளறியபோது, கல்லூரி இரண்டாம் ஆண்டில் நாம் சேர்ந்து படித்த சமூகவியல் ஜெராக்ஸ் கையில் வந்தது. ஓரமெல்லாம் உன் புளிக்கறை.

கூடி நிற்கும் மனிதர்கள் தங்களை மீறிய ஒரு வலிமையை உணர்கிறார்கள், அதைத்தான் சாமி என்கிறார்கள் என்று அந்தப் பழைய பிரெஞ்சு அறிஞர் சொல்லும் பக்கம். ஓரத்தில் நான் பேனாவில், "அப்போ சாமி பொய்" என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே பென்சிலில் நீ: "அப்போ அந்த வலிமை நெஜம்."

திருப்பத்தூர் விடுதியில் இதற்காக மூன்று நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. "மலைய வுட்டு எறங்கியும் உனுக்கு மூடநம்பிக்கை போவலடி" என்றேன். "நீ படிச்சி இன்னா பிரயோஜனம், எதிர்ல இருக்கறது தெரியலியே" என்றாய். நாலாம் நாள் நீதான் உன் ஊறுகாயை என் தட்டில் வைத்தாய்.

போன மழைக்குச் சாமை வயலில் உன்னைப் பாம்பு கடித்தது. ரோடு வரை, மூங்கில் கழியில் தூளி கட்டித் தூக்கும் டோலிதான். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அந்தக் கழியைத் தொட்ட பிறகே தூக்குவது நம் ஊர் வழக்கம். பாதிப் பேர் காட்டில் இருந்தார்கள். "ஆளுங்க வரட்டும்மா, கொஞ்சம் பொறு" என்றார் ஊர்க்கவுண்டர். "தொட்டாத்தான் வெஷம் எறங்குமா? தூக்குங்க!" என்று கத்தினேன். ஓடி வந்த உன் அம்மாவைக்கூடத் தொட விடவில்லை. நாலு பேர் தூக்கினார்கள்.

பாதி இறக்கத்தில் நால்வருக்கும் தோள் ஓய்ந்துவிட்டது. மாற்ற ஆளில்லை. கழியைத் தொட்டவர்கள் கூடவே நடப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள்தான் நான். தொடுவது தோள் கொடுப்பதற்கான வாக்கு என்பது அந்தப் பாறையில் உன்னை இறக்கி வைத்தபோதுதான் உறைத்தது. மூன்று இடத்தில் இறக்கினார்கள். மூன்றாவது இடத்தில் என் விரலை நீ விட்டுவிட்டாய்.

காத்திருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியவில்லை. தெரியாததுதான் என்னைத் தூங்க விடுவதில்லை.

இப்போதெல்லாம் பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே, மருந்தைக் கொடுத்த கையோடு வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன். "இன்னாம்மா, சளிக்கே ஊரக் கூட்டிட்ட? தும்முனா திருவிழாவா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிக்கிறாள். ஆனாலும் வருகிறார்கள். தூளி தொங்கும் கழியைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

இன்று கடைசியாக உன் அம்மா வந்தார். கழியில் கை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

அவர் கை பட்ட இடத்தில் என் இடது கையை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.