இருபதடி தூரம்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
14-2-1954

அன்புள்ள அத்தானுக்கு,

மங்கலம் வணங்கி எழுதுவது. இங்கு நானும் அத்தையும் சுகம். நீங்களும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நம்ப முடியவில்லை.

நீங்கள் மலையிலிருந்து அனுப்பிய பிலிம் சுருள்களை நேற்றே கழுவிப் படமும் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம் முன்பு கார்த்திகையில் எடுத்த படத்தில் அந்த மலை முழுக்கக் காடு. அணை வேலைக்காக வெட்டியபின், அதே இடத்தில் மரக்குற்றிகளும் புதிதாகக் குடியேறியவர்களின் மரச்சீனிக் கிழங்குத் தோட்டமும். ஆனைக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்? அது தன் பழைய வழியிலேயே வந்து நிற்கிறது. படத்தின் ஓரத்தில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, கையில் ஆனையை விரட்டத் தட்டும் தகரத்தோடு. அவளும் எங்கே போவாள், ஆனையும் எங்கே போகும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. இதுபோல ஒரு படம் நீங்கள் எடுத்ததே இல்லை அத்தான்.

ஆனால் ஒரு பர்லாங் தள்ளி நின்று எடுத்தேன் என்று எழுதினீர்களே, அந்தக் கதையை வேறு யாரிடமாவது சொல்லுங்கள். இந்த ஸ்டூடியோவில் ஆறு வருஷமாக உங்களோடு நிற்கிறவள் நான். பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கும் கல்யாணப் படத்துக்குத் தரையில் இருபதடியில் சாக்பீஸ் கோடு போட்டு, அங்கேதான் இதே கேமராவை வைப்போம். அந்தப் பன்னிரண்டு பேர் இடத்தையும் இந்த ஆனை ஒண்டியாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. போதாததற்கு, அந்தப் பிள்ளைக்காரி ஆனையைப் பார்க்கவே இல்லை. உங்களைப் பார்த்துத்தான் கத்துகிறாள்.

எனக்கு ஆனை மேல் கோபமில்லை, காடு வெட்டியவர்கள் மேல்கூட இப்போது இல்லை. எல்லாக் கோபமும் உங்கள் மேல்தான்.

உலரப் போட்டிருந்த படத்தை அத்தை பார்த்துவிட்டார்கள். கோயில் ஆறாட்டுக்கு வந்த ஆனை என்று சொல்லிவைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சங்கிலியைக் காணல்லையே மக்களே" என்றார்கள். குளிப்பாட்ட அவிழ்த்திருப்பார்கள் என்றேன். உங்கள் புண்ணியத்தில் நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன். மகனுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பச் சொன்னார்கள், இதனுடன் வருகிறது.

அடுத்த வாரம் ஆனைகள் கூட்டமாக இறங்குமாம், இருந்து எடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா நீங்கள்? எடுங்கள். தள்ளி நின்று எடுங்கள். ஆனை கடுகளவு விழுந்தாலும் போதும், நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஆனையைப் படத்தில் பார்த்தால் எனக்குப் போதும் அத்தான். உங்களைப் படத்தில் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

பத்மநாபசுவாமி உங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கட்டும்.

உங்கள்
மங்கலம்