எனக்கென்று ஒரு பாட்டில்

மார்ச் 4
இன்றும் கோழியின் சோதனை ஃபிலிமில் பட்டை கன்னங்கரேலென்று விழுந்திருக்கிறது. எனக்கும்தான் விழுந்தது. ஆனால் பேராசிரியர் கையில் எடுத்துப் பார்த்தது அவளுடையதை. இந்த ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஐந்தாவது வருடம், அவளுக்கு எட்டாவது மாதம். காலை ஏழுக்கே வந்துவிடுகிறாளே என்று கோழி என்ற பெயரை வைத்ததே நான்தான். அதற்கும் சிரிக்கிறாள். பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 6
"யாரோட முடிவு கச்சிதமா இருக்கோ அவங்க பேர்தான் கட்டுரையில முதல்ல" என்றார் பேராசிரியர்.

விஷயம் இவ்வளவுதான்: செல்லுக்குச் சமிக்ஞை வந்ததும், டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதத்தின்மேல் அசிட்டைல் என்ற சின்ன ஒட்டு ஏறுகிறது. சுற்று நெகிழ்ந்து மரபணு பேச ஆரம்பிக்கிறது. ஒட்டைப் பிய்க்கும் நொதி வந்தால் மறுபடி கப்சிப். ஒட்டு இருப்பதற்குச் சாட்சி அந்தக் கறுப்புப் பட்டை.

முதல் பெயர் எனக்கு வேண்டும். ஐந்து வருடம்!

மார்ச் 9
செல்களை உடைக்கும் கரைசல் இதுவரை எல்லோருக்கும் ஒரே பாட்டில். இவளோடு என்ன பங்கு? எனக்கென்று தனியாகக் கலந்து, பெயர் எழுதி, குளிர்பெட்டியின் பின்தட்டில் ஒளித்துவைத்தேன்.

இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் கேட்கிறார்: "இனிமே சோத்துப்பானையையும் பூட்டுவியா?"

மார்ச் 12
பட்டை இல்லை.

மார்ச் 15
இன்றும் இல்லை. துடைத்துவிட்டாற்போல் காலி. அவளுக்கு மட்டும் வருகிறது! என் பாட்டில்ல எதையோ கலந்துட்டாளா? யாரும் வராத நேரத்துல அவளுக்கு இங்க என்ன வேலை?

மார்ச் 17
ஆறே முக்காலுக்குப் போய் அலமாரிக்குப் பின்னால் நின்றேன். கையும் களவுமாகப் பிடிக்கத்தான். வந்தாள். உறைபெட்டியிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து, பொதுப் பாட்டிலில் சில சொட்டு விட்டாள். என் பாட்டில் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை.

"என்ன அது?"

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. "பிய்க்கிற நொதியைத் தடுக்கிற மருந்து, அக்கா. செல்லை உடைச்ச பிறகும் அந்த நொதி சும்மா இருக்காதே, ஒட்டையெல்லாம் பிடுங்கிடும். தினமும் புதுசா விடணும்னு சுவத்துல நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க?"

என் கையெழுத்துதான். எழுதி ஒட்டிவிட்டு நானே மறந்துபோய், எட்டு மாதமாக அவள் விட்ட மருந்தில் என் பட்டைகளைக் கறுக்க வைத்திருக்கிறேன்.

ஐயோ, மானமே போச்சு.

மார்ச் 19
பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாட்டிலை ஒளித்ததைத் தவிர.

மார்ச் 27
முதல் பெயர் அவளுடையது. வயிறு எரிகிறது, பொய் சொல்வானேன். என் காலி ஃபிலிமும் கட்டுரையில் வருகிறது, அவளுடையதற்குப் பக்கத்தில், "மருந்து சேர்க்காதபோது" என்ற குறிப்போடு.

இன்று ஆறரைக்கே போய்ப் பொதுப் பாட்டிலில் மருந்தை விட்டேன். ஏழு மணிக்கு வந்தவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு யாரு கோழி, அக்கா?"