மனுவை எடுக்க மாட்டேன்

குத்தாலம்
10-3-83

அன்பு மகன் செல்லதுரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தங்கச்சியும் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால்தான் உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை. பிலாயில் வெயில் ஆரம்பித்துவிட்டதா, தண்ணீர் நிறையக் குடி. ஷிப்டில் அடக்கிக்கொண்டு நிற்காதே, மேஸ்திரி என்ன சொன்னாலும் போய்விட்டு வா.

அப்பாவுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், மூத்திரம் தானாகப் போகிறது. ஆனால் ரத்தத்தில் கிரியாட்டினின் இன்னும் இறங்கவில்லை. அடைத்து நின்ற நீர் மேலே ஏறிச் சிறுநீரகத்தை அழுத்தியிருக்கிறதாம், தேறுமா இப்படியே நின்றுவிடுமா என்று சில மாதம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் தஞ்சாவூர் டாக்டர். உடம்பு வலி மாத்திரை தொடவே கூடாதாம், இவரோ ஒளித்து வைத்துப் போடுகிறார், சட்டைப் பையைத் துழாவி எடுத்துக் குப்பையில் எறிந்தேன்.

மனுவை வாபஸ் வாங்கிவிடுங்கள், அப்பா உடம்புதான் முக்கியம் என்று எழுதியிருக்கிறாய். களத்தில் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்குப் பயிர் செய்கிறவன் நெல்லை அளந்து முடிக்கும்வரை குவியலை விட்டு நகர மாட்டான், நகர்ந்தால் மிராசு அளந்ததுதான் அளவு. நம் குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லித் தாசில்தாரிடம் மனுக் கொடுத்த ஆத்திரத்தில் மிராசு வைத்தியலிங்கம் நெல் அளக்கும் அன்று காலையிலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மரக்காலைத் தொடவிடாமல் பொழுது சாயும்வரை இழுத்தடித்தான். வாய்க்கால் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று அப்பா கேட்டதற்கு, "தாராளமா போயிட்டு வாப்பா, அதுக்குள்ள நாங்க அளந்து முடிச்சிடுறோம்" என்றானாம். "புள்ள பிலாய்ல, பொண்டாட்டி பள்ளிக்கூடத்துல, நெல்லுக்கு யாரு காவலு?" என்று வேறு சிரிப்பு. அப்பா அடக்கிக்கொண்டே நின்றார். எல்லாம் முடிந்து ஒதுங்கியபோது ஒரு சொட்டு வரவில்லை. வீட்டில் நான் பார்க்கும்போது அடிவயிறு குடம் மாதிரி, மனுஷர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

மூத்திரப் பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கிற சுரப்பி ரொம்ப நாளாகவே வீங்கியிருக்கும், அன்றைக்கு அடக்கியது ஒரு சாக்குதான் என்றார் டாக்டர். இருக்கட்டும். அந்தச் சாக்குக்குப் பெயர் வைத்தியலிங்கம்.

இப்போது ஆள் அனுப்புகிறான், "மனுவ எடுத்துடுங்க டீச்சர், வைத்தியத்த ஐயா பாத்துக்குவாங்க" என்று. அப்பா இளகிவிட்டார். நீயும் ஒரு வரி எழுதினால் கையெழுத்துப் போட்டுவிடுவார், எழுதாதே. பங்குனியில் விசாரணை. தாலுகா ஆபீசில் அவன் முகத்துக்கு நேராக நம் பெயர் பதிவாக வேண்டும், இனி ஒவ்வொரு போகமும் அவன் பார்த்து வயிறெரிய வேண்டும். சிறுநீரகம் தேறினாலும் மனுவை எடுக்க மாட்டேன். தேறாவிட்டால் மனுவோடு நிறுத்தவும் மாட்டேன்.

நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். விசாரணைக்கு லீவு சொல்லிவை. சமாதானம் பேச வருவதானால் வர வேண்டாம்.

உன் அம்மா,
அம்சம்