சொம்புத் தண்ணீர் சத்தம்

இன்று காலை வாசல் பெருக்கும்போது சேற்று வாசம் வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் நின்று கால் கழுவும் கல் இருக்கிறதே, அதன் இடுக்கில் இன்னும் நம் கரும்புக் கொல்லைச் சேறு. உங்கள் காலோடு வந்தது. நீங்கள் போனபிறகு நேற்றுவரைக்கும் யாரும் அங்கே கால் கழுவியதில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மோட்டாருக்கு வேண்டிய த்ரீ ஃபேஸ் கரண்ட் என்றைக்குப் பகலில் ஒழுங்காக வந்தது? ஊர் அடங்கினால்தான் வரும். நீங்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போவீர்கள். பாம்பு, பூச்சி என்று எனக்குப் பயம். திரும்பி வந்து காலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறவரை கண்ணை மூடமாட்டேன்.

"இன்னாடி, இன்னும் தூங்கலியா? நான் இன்னா காணாமப் பூடுவனா?"

"பேசாம காலக் கழுவிட்டு வந்து படுங்க."

அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

பாம்புக்கெல்லாம் தப்பிய மனுஷன், பட்டப்பகலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். இப்போது பையன் மோட்டாரை போனிலேயே போடுகிறான். "யாரும் முழிச்சிக்கினு கெடக்க வேணாம்மா, நீ படு" என்கிறான். படுக்கிறேன். தூக்கம் எங்கே வருகிறது?

கள்ளக்குறிச்சிக்கு, ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான்.

"மாத்திரை கொஞ்ச நாளைக்குதாம்மா. பகல்ல படுக்காதீங்க. சாயங்காலத்துக்கு மேல டீ வாணாம். தூக்கம் வரலன்னா பொரண்டுக்கினு கெடக்காதீங்க, எழுந்து ஒக்காருங்க. கண்ணு சொருவுனா போய்ப் படுங்க. காலைல மட்டும் ஒரே நேரத்துக்கு எழுந்துடணும்." பிறகு கேட்டார்: "முழிச்சிக்கினு இன்னா நெனைக்கிறீங்க?"

"ஒண்ணும் நெனைக்கலங்க. காதுதான் எதையோ கேட்டுக்கினே கெடக்குது."

சொன்ன பிறகுதான் எதை என்று எனக்கே விளங்கியது. அங்கேயே அழுதுவிட்டேன்.

டீயை விட்டேன். பகல் படுக்கையை விட்டேன். அப்படியும் தூக்கம் வராமல் இழுத்துக்கொண்டே இருந்தது. நேற்று ராத்திரி புரண்டு பார்த்துவிட்டு, அவர் சொன்னபடி எழுந்தேன். சும்மா உட்காரத்தான் வாசலுக்கு வந்தேன். என்ன தோன்றியதோ, உங்கள் கல்லில் ஏறி நின்று சொம்புத் தண்ணீரை என் காலிலேயே ஊற்றிக்கொண்டேன். போய்ப் படுத்தேன். விடிந்துதான் கண் திறந்தேன்.

பையனுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று நம்பித் தூங்கியிருக்கிறது இந்த உடம்பு, பாவம்.

இன்றைக்கும் ஊற்றுவேன். ஊற்ற ஊற்ற அந்தச் சேறும் கரைந்து போய்விடும். தெரிந்துதான் ஊற்றப் போகிறேன். எனக்குத் தூங்க வேண்டுமே, என்ன செய்ய?